கரோஷியும் மாரிகுப்பத்து இரயிலும்

ஜப்பானிய மொழி பயிலும் மாணவர்கள் 'கரோஷி' என்னும் சொல்லை விரைவிலேயே அறிந்துவிடுகின்றனர். மிகையுழைப்பால் நேரும் சாவு என்பது அதன் பொருள். இதைச் சான்றாக்கி ஜப்பானியச் சமூகமே நோயுற்றது எனத் தீர்ப்பளிப்போர் பலர். ஆனால் அச்சொல் ஜப்பானியரே தம்மீது வைத்த விமர்சனம். 1988இல் அந்நாட்டு வழக்கறிஞர்கள் அதன் பெயரிலேயே தொலைபேசி ஆலோசனை தொடங்கினர். இறந்தோரின் குடும்பத்தார் போராடினர். 2014இல் கரோஷித் தடுப்புச் சட்டம் பிறந்தது.

2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிகுப்பத்துத் தமிழர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூரு சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். அந்த அயர்ச்சிக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை.

ஜப்பானை விமர்சிக்கலாம். ஆயின், சொல் உள்ள இடத்தில் மட்டுமே துயர் உண்டு எனக் கொள்வது மொழி மாணவர் செய்யத்தகாத பிழை.