யார் நிற்பதென்று யாரைக் கேட்டார்கள்?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவது அடிவாரத்துக் காரவள்ளியில்தான். அடிவாரமும் மலையும் சேந்தமங்கலம் தொகுதிக்குள் அடங்குகின்றன. தமிழகத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே தொகுதிகள், மற்றொன்று ஏற்காடு. இம்மக்களின் குரல் சட்டமன்றத்தில் ஒலிக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வொதுக்கீடு. ஆனால் எவருடைய குரல் என்பதை முடிவு செய்வது சென்னை.

2021 தேர்தலுக்கு அதிமுகவில் விருப்ப மனு அளித்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மார்ச் 4 அன்று ஒரே நாளில் நேர்காணல் நடந்து முடிந்தது. ஒருவரை எத்தனை நொடி கேட்டிருப்பார்கள் என்பதை வாசகரே வகுத்துப் பார்க்கலாம். சேந்தமங்கலத்தில் அப்போதைய உறுப்பினர் சந்திரசேகரனுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அவர் சுயேச்சையாக நின்றார். வென்றது திமுக. அவரை விலக்கியது சரியா தவறா என்பதன்று என் கேள்வி. தொகுதியின் கிளைக்கழகத்தாரைக் கூட்டி, ஒரு பெட்டி வைத்துக் கேட்டிருக்கலாகாதா என்பதே. பிற கட்சிகளிலும் இதே கதைதான்: மனு, கட்டணம், நேர்காணல், பட்டியல்.

பெட்டி வைத்துக் கேட்பது நமக்குப் புதிதன்று. 1956இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா என்று திமுக வந்திருந்தோரிடமே வாக்குக் கேட்டது. நிற்கலாம் என்றோர் 56,942 பேர். வேண்டாம் என்றோர் 4,203 பேர். மறு ஆண்டே பதினைந்து பேர் சட்டமன்றம் சென்றனர். நிற்கலாமா என்று தொண்டனைக் கேட்ட இயக்கம்கூட, யார் நிற்பது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. இன்று நம் மாநாடுகள் தலைமை அறிவிப்பதற்குக் கைதட்டும் இடங்கள்.

மாநாட்டுப் பிரதிநிதிகளை விலைக்கு வாங்கிவிடுவார்கள், சாதி நுழையும் என்பார்கள். உண்மைதான், மூடிய அறைக்குள் அவை நுழைவதில்லையா? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கட்சி மாநாடு ஒருவரை ஆதரித்துத் தீர்மானிக்கும்; அதன் பின்னும் முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர் அதை மாற்றலாம். 2018இல் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியினரின் மாநாடு எரின் மர்பியை ஆதரித்தது. முதற்கட்டத் தேர்தலில் வென்றவர் டிம் வால்ஸ். மாநாடு தவறினாலும் திருத்த இன்னொரு வாசல் இருந்தது. இங்கே பட்டியலில் இடம்பெறாதவருக்கு உள்ள வாசல் கட்சிக்கு வெளியே மட்டும்தான் திறக்கிறது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஒதுக்கப்பட்ட இவ்விரு தொகுதிகளிலாவது உறுப்பினர் வாக்கெடுப்பை ஏதேனும் ஒரு கட்சி தொடங்கிவைக்கட்டும். வாக்குக் கேட்டு வளைவேறி வருவோர், வேட்பாளர் யாரென்று கேட்கவும் ஒருமுறை வரட்டும்.