எங்கிருந்து, எங்கே: ரெண்டும் கண்ணுக்குத் தெரியணும்

"ரெண்டு விண்டோவைப் பக்கத்துல வச்சா போதுமே, டூயல் பேன் எதுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்குத்தான் இந்த இழை.

ஒரு நைட் டூட்டி. 2 ஜிபி ராம் உள்ள பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். பென்டிரைவ்ல இருந்த ஸ்கேன் படங்களை நோயாளிகளோட ஃபோல்டருக்கு மாத்தினேன். திறந்திருந்தது நாலு விண்டோ. ஒருத்தர் படம் இன்னொருத்தர் ஃபோல்டர்ல போய் உக்காந்துடுச்சு. ரவுண்ட்ஸுக்கு முன்னாடி கண்ல பட்டதால தப்பிச்சோம்.

ஊசி போடும் முன் பேரைக் கேக்கறோம்ல? அதே சங்கதிதான் இது. 1986-லயே நார்டன் கமாண்டர் காட்டின வழி. க்னோம்காரங்க 2012-ல எஃப்3 அழுத்தினா வர்ற ரெண்டாவது கட்டத்தையே தூக்கிட்டாங்க. எளிமையாம்!

பழைய மெஷினா? மிட்நைட் கமாண்டர் போடுங்க, டெர்மினல்லயே ஓடும். டேப் அழுத்தினா அடுத்த கட்டம், எஃப்5 காப்பி. மவுஸ் இல்லாம முடியாதுன்னா டபுள் கமாண்டர். க்ரூசேடர் நல்லதுதான், ஆனா கேடிஇ சொந்தபந்தம் மொத்தத்தையும் கூட்டிட்டு வரும்.

ஒண்ணு மட்டும்: மிட்நைட் கமாண்டர்ல எஃப்8 போட்டு அழிச்சா குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். முதல்ல எஃப்5. போன இடத்துல திறந்து பாருங்க. அப்புறமா பழசை அழிங்க.