இரண்டு தோழிகள், ஒரே பர்ஸ்

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் அவர்கள். ஒருவர் சென்னையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் சேலத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். 'ஒரு தடவையாவது நாம ரெண்டு பேர் மட்டும் எங்கேயாவது போயிட்டு வரணும்' என்ற பேச்சு போனில் அடிக்கடி வரும்.

முதலில் பேசியது ஆலப்புழை. அந்த ஊரின் கால்வாய்களையும் படகு வீடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று சென்னைத் தோழிக்கு நெடுநாள் ஆசை. "செலவைப் பத்திக் கவலைப்படாதே, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"அப்படின்னா நான் வரலைடி" என்று சொல்லிவிட்டார் சேலத்துத் தோழி.

பல நட்புகள் இடறி விழுகிற இடம் இதுதான். வசதி உள்ளவர் அன்போடுதான் செலவு செய்கிறார். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒருவரே பணம் கொடுத்தால் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். எங்கே போகலாம், எப்போது சாப்பிடலாம் என்று எதற்கும் வாய் திறக்க மாட்டார். காபி வேண்டுமா என்று கேட்டால்கூட 'வேண்டாம்' என்றுதான் சொல்லத் தோன்றும்.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு சென்னைத் தோழியே வழி கண்டுபிடித்தார். "உன்னால எவ்வளவு போட முடியும்னு சொல்லு. நானும் அவ்வளவுதான் போடுவேன். அதுக்குள்ள எந்த ஊர் அடங்குதோ அங்க போவோம்."

சேலத்துத் தோழி சொன்ன தொகை 600 ரூபாய். ஆக மொத்தம் 1,200. ஊரையும் அவரே சொன்னார். "ஏற்காடு போலாம். தினமும் மாடியில துணி காயப்போடும்போது அந்த மலையைத்தான் பார்க்கறேன். மேலே போய் 20 வருஷமாச்சு."

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ், பெயரில்தான் ஏற்காட்டை வைத்திருக்கிறது. மலை ஏறாது, சேலம் வழியாக ஈரோட்டுக்குப் போய்விடும். சென்னைத் தோழி அதிகாலையில் சேலத்தில் இறங்கி, தோழி வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டார். அது பொதுக் கணக்கில் வராது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

அது நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போதும், சனி, ஞாயிறுகளிலும் ஏற்காட்டில் கூட்டம் நெரியும். அறை வாடகையும் ஏறிவிடும். சிக்கனமாகப் போக நினைப்பவர்களுக்கு மழைக்குப் பிந்தைய வார நாள்தான் சரி. பெருமழை நாளில் மட்டும் மலைச்சாலையின் நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அரசு பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறியது. ஜன்னலோர சீட்டை பத்து வளைவுக்கு ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஏரி. "ஆலப்புழைதான் கிடைக்கலை, இதுல ஒரு சுத்து போயிடுவோம்" என்று பெடல் படகுக்கு டிக்கெட் எடுத்தார்கள். அன்றைய பட்ஜெட்டில் ஆடம்பரம் என்றால் அது ஒன்றுதான். வேன் வைத்து எல்லா 'பாயின்ட்'டும் பார்க்கலாம் என்று ஒருவர் கூப்பிட்டார். பர்ஸைப் பார்த்தார்கள், நடக்க முடிவு செய்தார்கள்.

ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். கோடையில் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். மழைக்குப் பிறகு போனால் சத்தம் முதலில் கேட்கும், அருவி பிறகு தெரியும். இறங்குவதற்குப் படிகள் உண்டு. இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கியவர்கள், ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார்கள். முட்டி வலி உள்ளவர்கள் மேலே இருந்தே ரசித்துவிட்டு வருவது நல்லது. ஈரப் பாறையில் நின்று செல்ஃபி எடுப்பது யாருக்குமே நல்லதல்ல.

நடந்ததில் ஒரு லாபம், காபித் தோட்டங்களை நிதானமாகப் பார்க்க முடிந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடிகள்; மரத்தையே கொம்பாகப் பிடித்து ஏறும் மிளகுக் கொடிகள். நவம்பரில் காபிப் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கும். சாலையோரம் நின்று பார்க்கக் காசு கிடையாது. தோட்டங்கள் தனியார் சொத்து. உள்ளே நுழைவதும் பழத்தைப் பறிப்பதும் கூடாது.

மதியம் சின்ன ஹோட்டலில் சாப்பாடு. மாலையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, டீ. கையில் பொட்டலம் இருப்பதைப் பார்த்துவிட்ட குரங்கு ஒன்று ஒரு பஜ்ஜியைப் பறித்துக்கொண்டு போனது. அதையும் கணக்கு நோட்டில் எழுதினார்கள்.

கடைசியாக லேடீஸ் சீட். மலை விளிம்பில் நின்றால், ஏறி வந்த வளைவுகள் எல்லாம் கயிறு போலத் தெரியும். அதற்கும் கீழே சேலம் நகரம். இருட்டத் தொடங்கியதும் ஒன்று, பத்து, நூறு என்று விளக்குகள் எரிய ஆரம்பித்தன. சேலத்துத் தோழி வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான் நம்ம வீடு இருக்கும். தினமும் அங்கேர்ந்துதான் இங்கே பார்க்கறேன்" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சென்னைத் தோழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்ததால், பதற்றம் இல்லாமல் அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தார்கள். பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், ஆர்க்கிட் தோட்டம் எதையும் பார்க்கவில்லை. "அது அடுத்த 600 ரூபாய்க்கு" என்றார் சேலத்துக்காரர்.

நண்பர்களோடு கிளம்ப நினைப்பவர்கள் இதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். பட்ஜெட்டை வசதி குறைந்தவர் சொல்லட்டும். எல்லோரும் அதே தொகையைப் போடட்டும். பர்ஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். 'பரவாயில்லை, நான் கொடுத்துடறேன்' என்ற வார்த்தையை அன்று ஒரு நாளைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

பஸ் ஏறுவதற்கு முன் பர்ஸில் மிச்சமிருந்த காசுக்கு ஒரு சின்னப் பொட்டலம் மிளகு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தட்டில் கொட்டி, இரண்டு பங்காகப் பிரித்தார்கள். சென்னைத் தோழியின் பங்கில் நாலு மிளகு கூடுதலாக விழுந்தது. உடனே எண்ணி வாங்கிக்கொண்டார் சேலத்துத் தோழி.