பேய்க்குப் பெயர் உண்டா?

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம்மவர் பழமொழி. பேயைப் பற்றிப் பேசப் புகும் எவரும் இப்பழமொழியில் தொடங்கி, இதிலேயே முடித்துவிடுவது வழக்கம். அண்மையில் மழை கொட்டிய ஓர் இரவில், மின்விளக்கு அணைந்துபோன விடுதிக் கூடத்தில், நம் சங்கத்துத் தோழியர் பதின்மர் கூடியிருந்து தத்தம் ஊர்ப் பேய்களைப் பற்றிக் கதைபேசினோம். விளக்கு வந்ததும் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் படுக்கைக்குச் சென்றபின் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அத்தனை கதைகளிலும் மரம் இருந்தது, பாலம் இருந்தது, மலைப்பாதையின் வளைவு இருந்தது. இறந்தவர் யார், எதனால் இறந்தார் என்பது மட்டும் ஒரு கதையிலும் இல்லையே! அக்கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

இவ்வாராய்ச்சிக்கு எனக்குள்ள தகுதி யாது என்று கேட்பீர்களாயின், பேய்கள் மலிந்த இரண்டு எல்லைகளில் வளர்ந்தவள் என்பதே அது. என் முன்னோர் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணைவிட்டு, கங்காணி ஒருவரின் பின்னே போடிநாயக்கனூர் வழியாக மலையேறி, மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியேறியவர்கள். அங்கே பிறந்து, பாலக்காட்டுச் சித்தூரில் மூன்றாண்டு படித்து, இன்று இருபத்துமூன்று வயதில் வேதியியலில் முதுநிலை பயிலுகின்றேன். கேரளத்தில் எங்களைப் 'பாண்டி' என்பர். தமிழ்நாட்டிலோ 'மலையாளத்துப் பிள்ளை' என்பர். எந்த ஊரார் என்று எங்களுக்கே ஐயம் தோன்றலாம். எங்கள் பேய்களுக்கு அந்த ஐயம் இல்லை; அவை அந்த மலையைவிட்டு நகர்வதில்லை.

எங்கள் லயத்துப் பேய்களுள் மூத்தது ரயில் பேய். "ஏட்டி, மழ ராத்திரில ரயில் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காத, கூப்பிட்டா ஏன்னு கேக்காத" என்று ஆச்சி என்னை அச்சுறுத்துவாள். மூணாற்றில் ஏது ரயில் என்று நான் ஏளனம் செய்ததுண்டு. பின்னர்தான் அறிந்தேன். 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றிச்செல்ல ஒற்றைத் தண்டவாள வண்டி அமைத்தனர். 1908-இல் அதனைச் சிறு ரயில்பாதையாக மாற்றினர். 1924 ஜூலையில் பெய்த பெருமழை அப்பாதையை அடியோடு அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தமையால் மலையாள நாட்டார் அதனைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் கூறுவர். தண்டவாளம் மீண்டும் அமைக்கப்படவில்லை. ஆச்சி சொன்னது வெறுங்கதையன்று. அவளுடைய ஆச்சி கண்ட வெள்ளத்தின் எச்சம் அது. ரயில் நினைவில் நின்றுவிட்டது. வெள்ளம் கொண்டுபோனவர்களின் பெயர்கள்தாம் கதையிலிருந்து உதிர்ந்துவிட்டன.

நிற்க. குமுளியில் வாழும் என் மாமா வேறொரு கதை சொல்வார். பெரியாற்று அணைப்பக்கம் இருட்டிய பின்னர் ஒரு கூட்டம் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து வரிசையாக நடக்குமாம்; எவர் முகமும் தெரியாதாம். முல்லைப் பெரியாற்று அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. பென்னிகுக்கின் பெயரை மதுரைச் சீமையில் அறியாதார் இலர். தம் பிள்ளைகளுக்கே அப்பெயரைச் சூட்டி மகிழ்வாரும் உளர். அது நன்றியுணர்ச்சி, அதனைக் குறைகூற மாட்டேன். ஆனால் அவ்வேலையின்போது நோயால் மாண்டோர் தொகை 483 என்று கணக்குண்டு. அவர்களைப் புதைத்த இடமும் அணைக்கு அருகே உண்டு. கட்டியவர் பெயர் பிள்ளைகளுக்கு. சுமந்தவர் உருவம் பேய்களுக்கு! இந்தப் பங்கீடு நியாயந்தானா?

அம்மக்கள் தம்மைக் கொன்றது மலையில் வாழும் பேய் என்று நம்பியிருந்தால், அதற்காக அவர்களை நாம் இகழ்வதற்கில்லை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். அஃதாவது அணை முடிந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னர். பங்களாவிலிருந்த துரைக்கும் அது தெரியாது. கூடாரத்தில் நடுங்கிய கூலிக்கும் தெரியாது. அன்றைய அறியாமை குற்றமன்று. தெரிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருக்கும் இன்றைய அறியாமையே குற்றம்.

மூணாற்றின் பழைய தேவாலயத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் ஒரு கல்லறை இருக்கிறது. எலினர் இசபெல் மே என்னும் ஆங்கிலப் பெண்மணி 1894 டிசம்பரில் வாந்திபேதியால் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். தேவாலயம் எழுந்ததோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. சிறுமியாக இருந்தபோது அக்கல்லறைப் பக்கம் பலமுறை விளையாடியிருக்கிறேன், ஒருநாளும் அஞ்சியதில்லை. ஆனால் எங்கள் லயத்துக்குக் கீழே, கல்லும் பெயருமின்றிப் புதர் மண்டிக் கிடக்கும் இடுகாட்டைக் கடக்க இன்றும் என் கால்கள் விரைகின்றன. அதே நோயால் மாண்ட எத்தனை பேர் அங்கே கிடக்கின்றனரோ! பெயரும் தேதியும் பொறித்த கல்லைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. பெயரற்ற மண்ணைக் கண்டே அஞ்சுகின்றோம். பேய் என்பது, எழுதப்படாத கல்லறையின் மறுபெயர் போலும்!

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். அங்கே பேய்களுக்கு அரசி யட்சி. அவளது மாளிகை ஏழிலைப்பாலை மரம். பாலக்காடு என்னும் பெயரே அம்மரத்தால் வந்தது என்பாரும் உளர். இரவில் அதன் பூ மணக்கும்போது மாணவியர் சன்னலைச் சாத்துவதை நான் கண்டிருக்கிறேன். அம்மரத்தின் அறிவியற் பெயரின் பின்பாதி 'ஸ்காலரிஸ்' என்பது. அதன் பலகையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகியமையால் வந்த பெயர் அது. ஒரே மரம், ஒருவருக்கு யட்சியின் வீடு, மற்றொருவருக்கு எழுதுபலகை! எதைக் காண்பது என்பது காண்பவர் கையில் இருக்கிறது.

யட்சியால் எவருக்கும் பெருந்தீங்கில்லை. ஒடியன் கதை அப்படியன்று. இருளில் எருதாகவும் நாயாகவும் உருமாறி, வழிப்போக்கரைக் கொல்லும் மந்திரவாதியே ஒடியன் என்பர். அவ்வித்தை பறையர், பாணர் ஆகியோருக்கே உரியது என்று கதை துணிந்து கூறுகிறது. இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருவில் ஈழவர் நடக்கலாமா என்பதே 1920-களில் பெருங்கிளர்ச்சிக்குரிய வினாவாக இருந்தது. அவர்களினும் கீழாக வைக்கப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? பகலில் தெருவில் நடக்க உரிமையற்றவன் இரவில் நடந்தான். நடந்ததனாலேயே ஒடியன் ஆனான். ஒடியன் என்று ஐயுற்றால் அடிக்கலாம்; அடித்துக் கொன்றாலும் கேட்பாரில்லை. பேய்க்கதை எப்போதும் பாமரனின் பொழுதுபோக்கு மட்டுமன்று; வலியவன் கைக்கோலாகவும் அது இருந்திருக்கிறது.

அதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். அதே பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று, மது என்னும் பழங்குடி இளைஞரைத் திருடன் என்று ஐயுற்றுக் கைகளைக் கட்டி அடித்தார்கள். அவர் உயிர் பிரிந்தது. 2023-இல் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அங்கே மந்திரமில்லை, உருமாற்றமில்லை. ஆனால் 'நம்மைப் போலில்லாதவன் ஆபத்தானவன்' என்னும் அந்தப் பழைய அச்சம் மட்டும் அப்படியே இருந்தது. பேய் போய்விட்டது, பேய்க்கு அஞ்சிய மனம் போகவில்லை.

'அறிவியல் மாணவி அறிவியலைப் பேசவில்லையே' என்று சிலர் முணுமுணுக்கலாம். பேசுகிறேன். 1921-இல் வில்மர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், பேய்வீடு ஒன்றைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பழைய வீடொன்றிற் குடிபுகுந்த குடும்பத்தாருக்குத் தலைவலியும் சோர்வும் கண்டன, பின்னர் காலடியோசை கேட்டது, உருவங்கள் தோன்றின. ஆராய்ந்தபோது, வீட்டுக்கு வெப்பமூட்டும் உலையின் புகைபோக்கி பழுதுற்று, கார்பன் மோனாக்சைடு வாயு அறைகளில் பரவியது தெரியவந்தது. பழுதைச் சரிசெய்ததும் பேயும் ஓடிவிட்டது.

இதனை நான் வகுப்பில் அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் மலையில் மார்கழிக் குளிரில் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்குவார்கள். 'அமுக்குவான் பேய்' வருமென்று அஞ்சிச் சன்னலை இறுகச் சாத்துவார்கள். காற்றுக் குறைந்த இடத்தில் கரி எரிந்தால் உண்டாவது அதே வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஒரு குளிர்காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாயும் மகளும் விடிந்தும் எழவில்லை. கதவை உடைத்துத் தூக்கினோம். தாய் பிழைத்தாள், மகள் பிழைக்கவில்லை. அவள் என்னோடு எட்டாம் வகுப்புப் படித்தவள். அவ்வீட்டுக்குப் பூசாரியை அழைத்துக் கழிப்புக் கழித்தார்கள். அதன் பின்னர் ஊரார் சன்னல்களை முன்னிலும் இறுகச் சாத்தினார்கள். பேய்க்கு அஞ்சிச் சாத்திய சன்னலே பேயை உண்டாக்கிற்று என்பதை எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. நானும் அறியேன். இன்று அறிவேன், ஒவ்வொரு விடுமுறையிலும் வீடு வீடாகச் சென்று, சன்னலில் ஒரு சாண் திறந்து வையுங்கள் என்று சொல்லி வருகிறேன். சிலர் கேட்கிறார்கள்.

ஆகவே, பேயை நம்பு என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. பேயைக் கேட்டு நகைத்துவிட்டுப் போ என்பாரோடும் உடன்பாடில்லை. நம்புகிறவர் காரணத்தைத் தேடுவதில்லை, நகைக்கிறவரும் தேடுவதில்லை. இருவரும் இறந்தவரை இருளிலேயே விட்டுவிடுகின்றனர். 'பேய் உண்டா இல்லையா' என்று பட்டிமன்றம் நடத்தியது போதும். 'இங்கே செத்தது யார்? எதனால்? மீண்டும் அப்படிச் சாகாமலிருக்க என்ன செய்தோம்?' என்பனவே அறிவுடையார் கேட்கத்தக்க வினாக்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மடிந்தோர் 70 பேர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். செய்தி வெளியுலகை எட்டப் பொழுது விடிய வேண்டியிருந்தது. அவர்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரியும். அப்பெயர்கள் மறக்கப்படும் நாளில், ஐயமின்றி, பெட்டிமுடியிலும் ஒரு பேய்க்கதை பிறக்கும். மழை இரவில் மண்ணுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது என்று யாரோ ஒருத்தி தன் பேத்தியை அச்சுறுத்துவாள். சரிவின் கீழே தொழிலாளரைக் குடிவைத்த காரணமும் அக்கதையோடு மறைந்துபோகும்.

சங்கத்துத் தோழர்களே, தோழியரே! எதிர்வரும் விடுமுறையில் நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பேய்க்கதை ஒன்றை முதியோர் வாயால் கேட்டு எழுதி வருவோம். கதையை இடப்பக்கத்தில் எழுதுவோம். அவ்விடத்தில் மாண்டவர் பெயர், ஆண்டு, காரணம் ஆகியவற்றை விசாரித்து வலப்பக்கத்தில் எழுதுவோம். அடுத்த இதழில் அவற்றை வெளியிடுவோம். வலப்பக்கம் நிரம்ப நிரம்ப இடப்பக்கத்து அச்சம் தானே குறையும்.

முதற் பக்கத்தை நானே தொடங்கிவிட்டேன். இடப்பக்கத்தில் அமுக்குவான் பேய். வலப்பக்கத்தில் என்னோடு எட்டாம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்தவளின் பெயர்.