அக்காவின் காலைகள்

முடக்குவாதத்தை முதுமையின் மூட்டுவலி என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நோயெதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது. பெண்களையே அதிகம் பீடிக்கிறது. என் அக்காவுக்கு வந்தபோது வயது 38. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்கா. தேங்காய் திருவ முடியாது. சட்டைத் தெறியையும் பிறரே பூட்டிவிடவேண்டும். பத்து மணியளவில் கை சற்று இளகும். அதைக் கண்டவர்கள் "சோம்பல்" என்றார்கள். ஒருநாள் நானும் சொன்னேன்.

வாரம் ஒருமுறை எடுக்கும் மெதொட்ரெக்சேற் மாத்திரை வீக்கத்தைக் குறைத்தது. கிளினிக்கில் இரத்த அறிக்கையைப் பார்த்தார்கள். உறங்கினீர்களா, அழுதீர்களா என்று எவரும் கேட்கவில்லை. இந்நோயாளரிடம் மனச்சோர்வு ஏனையோரைவிட அதிகம் என்பது மருத்துவம் அறிந்ததே. வாதநோய்க் கிளினிக் ஒவ்வொன்றிலும் உளவளத்துணையாளர் ஒருவர் அமர்ந்திருக்கவேண்டும் என்பேன். அக்காவிடம் அதே கேள்வியை நான் கேட்பதற்கு 11 ஆண்டுகள் சென்றன.