பொறி கூறிய வாக்கு

பாட்டி மறைந்த துக்கத்தில் பயணப்பட்ட ஒருவரிடம், துக்கச் சலுகையைப் பயணத்திற்குப் பின்னரும் கோரலாமென ஏர் கனடா கம்பெனியின் ‘சாட்பாட்’ என்னும் உரையாடற் பொறி தவறாகக் கூறிற்று. அப்பொறி தனியொரு சட்ட நபர் என்னும் தோரணையில் கம்பெனியார் வாதித்தனர்! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா நியாயசபை அவ்வாதத்தைத் தள்ளி, சுமார் 812 டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

நம் சங்க எழுத்தர் பாஸ் புத்தகத்தில் தொகையைப் பிழையாக எழுதிவிட்டால், “அவர் வேறு, சங்கம் வேறு” என்று தணிக்கையில் கூற எந்தக் காரியதரிசியும் துணியார். பொறிக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு?

விற்பனைக்காகப் பொறியை மனிதரெனக் காட்டி ஏமாற்றுவதைக் கலிபோர்னியா 2019 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. என் அபிப்பிராயத்தில் அது போதாது. பொறியின் வாக்கு கம்பெனியைக் கட்டுப்படுத்துமென்று சர்க்கார்கள் முன்கூட்டியே விதிக்க வேண்டும். சில நூறு டாலருக்காக எத்தனை பேர் நியாயசபை ஏறுவர்?