கலியாணப் பத்திரிகையும் மஞ்சள் கடிதாசியும்

நமது நாட்டில் ஒரு மனிதனுடைய வாழ்வில் மஞ்சள் காகிதம் இரண்டு தடவை வரக்கூடும். ஒன்று, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கலியாணப் பத்திரிகை. மற்றொன்று, அந்தக் கலியாணத்துக்கு வாங்கிய கடனைக் கட்ட வழியில்லாமற்போய், “எனக்குச் சக்தியில்லை” என்று கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் மஞ்சள் கடிதாசி. முந்தியதை ஊர் முழுவதும் கொடுப்பது கௌரவம் என்றும், பிந்தியதைக் கொடுப்பது செத்துப்போவதைவிடக் கேவலம் என்றும் நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், சக்திக்கு மீறி முந்தியதைக் கொடுத்ததில் வெட்கப்பட நியாயம் இருக்கலாமே தவிர, உள்ளதை உள்ளபடி சொல்லிப் பிந்தியதைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமேயில்லை என்பதாகும்.

சில மாதங்களுக்கு முன் அரியலூர் ஜில்லா விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு தோழர் இரவு நேரத்தில் நம்மிடம் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு ஏக்கர் மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். தங்கை கலியாணத்துக்கு ஒரு கடன், தகப்பனார் கருமாதிக்கு ஒரு கடன், தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு கடன். வட்டிக்கு வட்டியாக அது வளர்ந்து நிலத்தின் விலையைத் தாண்டிவிட்டது. வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “மஞ்சக் கடுதாசி குடுத்துட்டா, நான் செத்தா தூக்க நாலு பேரு வருவாங்களாண்ணே?” என்று கேட்டார்.

“நீ உயிரோடு இருக்கும்போது உன்னைத் தூக்கிவிட எத்தனை பேர் வந்தார்கள் தம்பி?” என்று நாம் கேட்டோம். அவரிடம் பதில் இல்லை.

அவர் சும்மா இருந்தவரும் அல்ல. கும்பகோணத்துக்கு அடுத்த திருச்சேறையில் ருணவிமோசன லிங்கம் என்று ஒன்று இருக்கின்றது. ருணவிமோசனம் என்றால் கடனிலிருந்து விடுதலையாம். அங்கே பல திங்கட்கிழமைகள் போய் வந்திருக்கிறார். சாமி எந்தக் கடனில் எவ்வளவு ரூபாய் தள்ளிக் கொடுத்தது என்று விசாரித்தோம். பஸ் சார்ஜும் அர்ச்சனைச் செலவும்தான் கணக்கில் ஏறியிருந்தன. வட்டியோ, திங்கட்கிழமையும் விடுமுறை எடுத்துக்கொள்ளாமல் ஓடியிருந்தது.

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்று உண்டு. தகப்பனார் சில வருஷங்களுக்கு முன் வாங்கிய கடனுக்கு, “அப்பன் கடனைப் பிள்ளை தீர்க்காவிட்டால் அப்பன் நரகத்துக்குப் போவான்” என்று கடன் கொடுத்தவர் சொல்ல, இவர் தம் பேரிலேயே புதுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த நரகக் கதையைத்தான் வெகுகாலம் இந்து சட்டம் என்கின்ற பேரால் கோர்ட்டுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. 2005-ஆம் வருஷம் இந்து வாரிசுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமானது, அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்காகத் தர்மக் கடமை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மகன் மீதோ பேரன் மீதோ போக முடியாது என்று ஆக்கிவிட்டது. தகப்பன் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வாரிசு பதில் சொல்ல வேண்டும். அதை முன்பே ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தால் இவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். போட்டுவிட்டபடியால் அப்பனுடைய நரகம் பிள்ளையின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

நிற்க, ஒரு புரோக்கர் இவருக்கு வேறொரு யோசனை சொல்லியிருந்தான். நிலத்தை மைத்துனன் பேருக்கு எழுதி வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஐ.பி. போட்டுவிடு என்பதுதான் அது. நமக்கு இது கொஞ்சமும் சம்மதமில்லை. இந்த மாதிரிப் பித்தலாட்டத்தினால்தான் ஐ.பி. கொடுத்தவன் என்றால் மோசக்காரன் என்று பேராகிவிட்டது. ஆகவே மறுநாள் அரியலூரில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனோம். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

நம் ஊர்களுக்கு இன்றும் பொருந்துவது 1920-ஆம் வருஷத்து மாகாண இன்சால்வென்சி சட்டமே. சென்னை நகரத்துக்கு மாத்திரம் 1909-ஆம் வருஷத்துச் சட்டம். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைக் கட்ட வழியில்லாதவன் தானாகவே மனுப் போடலாம். மனுவில் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருடைய பேரும், விலாசமும், தொகையும் வேண்டும். சொத்துக்கள் அத்தனையும் காட்டி, அவற்றைக் கோர்ட்டு வசம் விட்டுவிடச் சம்மதம் என்றும் எழுத வேண்டும். இன்சால்வெண்டு என்று கோர்ட்டு தீர்மானித்துவிட்டால் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். அவர் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடுவார். அதன்பின் கோர்ட்டு அனுமதியில்லாமல் எவரும் அந்தக் கடனுக்காகத் தனித்தனியே வழக்குப் போட முடியாது. ஆனால் அடமானம் வாங்கியவருக்கு இந்தத் தடை கிடையாது. அடகு வைத்த நகையையும் வீட்டையும் இந்த மனு காப்பாற்றாது.

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு தெருவில் விட்டுவிடுவார்கள் என்பதும் தவறு. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர்க்கலப்பை, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை, அவன் குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகைக்கும் விலக்கு உண்டு. ஆக, கடன் வாங்கிக் கட்டிய தாலிக்கும்கூடச் சட்டம் இரக்கம் காட்டுகின்றது!

மைத்துனன் பேருக்கு எழுதுகிற விஷயத்தைக் கேட்டதும் வக்கீல் சிரித்தார். மனுவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் விலையில்லாமல் எழுதிக் கொடுத்ததை ரிசீவர் ரத்துச் செய்விக்கலாம். மோசமாகச் சொத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. புரோக்கர் யோசனையின் யோக்கியதை இவ்வளவுதான்!

பிறகு பேர்களை எழுதத் தொடங்கியபோது நம் தோழர் ஒரு பேரை மாத்திரம் சொல்லாமல் மறைத்தார். வக்கீல் துருவிக் கேட்க, பால் விற்றுப் பிழைக்கும் ஒரு விதவை அம்மாளிடம் பதினாயிரம் ரூபாய் வாங்கியிருப்பதாகவும், அதை மாத்திரம் எப்படியாவது தனியே கொடுத்துவிட நினைப்பதாகவும் கண்ணீரோடு சொன்னார். வக்கீலோ, மனுவுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்தால் அதுவும் செல்லாது, அந்த அம்மாள் பேரையும் எழுதத்தான் வேண்டும் என்றார். நமக்கும் சங்கடமாகவே இருந்தது. வட்டியில் கொழுத்தவனுக்கும் பால் விற்று மிச்சம் பிடித்தவளுக்கும் ஒரே விகிதம் என்பது முழு நியாயமென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கோர்ட்டு விடுதலை கொடுத்த பிறகு, தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அந்த அம்மாளுக்குக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. அப்படித்தான் செய்யப்போவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.

இந்த விடுதலை என்பதுதான் முக்கியம். மஞ்சள் கடிதாசி கொடுத்தவுடனே கடன் தொலைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கோர்ட்டு குறிக்கும் தவணைக்குள் விடுதலைக்கு மனுச் செய்யாவிட்டால், இன்சால்வெண்டு என்ற தீர்மானமே ரத்தாகிவிடும். விடுதலை கிடைத்தாலும் சர்க்கார் பாக்கியும், மோசத்தால் வந்த கடனும், மனைவி மக்கள் ஜீவனாம்சமும் தீராது. விடுதலை பெறாதவர் தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். சட்டசபைக்கும் நிற்க முடியாது. இவற்றையெல்லாம் தவணை தப்பாமல் நடத்தத்தான் வக்கீல் வேண்டுமே ஒழிய, பொய்க் கணக்கு எழுதுவதற்கல்ல.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமேது என்று கேட்கலாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டவர்களுக்கும், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டியது சட்டப் பணிக் குழுவின் கடமை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்லுவார்கள். இது பிச்சையல்ல, உரிமையாகும்.

“ஜெயிலில் போட்டுவிடுவேன்” என்கின்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக்கூடாது என்று 1980-இல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கந்துவட்டி வாங்குவதோ, தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. சட்டம் புத்தகத்தில் இருந்து என்ன பயன்?

இதில் சர்க்காரின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். 2016-இல் பார்லிமெண்டு புதிதாக ஒரு திவால் சட்டம் செய்தது. கம்பெனிகளுக்கு அது உடனே அமுலுக்கு வந்தது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனி மனிதர்களுக்கு 2019 டிசம்பர் முதல் வந்தது. அதே சட்டத்தில், வருஷ வருமானம் 60,000 ரூபாயும், சொத்து 20,000 ரூபாயும், கடன் 35,000 ரூபாயும் மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைக்குக் கடனைத் தள்ளி, புது வாழ்வு தொடங்க ஒரு வழியும் எழுதப்பட்டிருக்கின்றது. அது மாத்திரம் இன்னும் தூங்குகின்றது! கோடிக் கணக்கில் கடன்பட்ட கம்பெனி அதில் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டால் அது வியாபாரம். ஏழை ஐ.பி. போட்டால் மானக்கேடாம். இந்த மானத்தை யார் உண்டாக்கினார்கள், யாருக்காக உண்டாக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விக்கிரமங்கலத்துத் தோழரின் மனு கோர்ட்டில் இருக்கிறது. நிலம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போகிறார். எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இராத்திரியில் தூங்குகிறேன் என்று சொன்னார். அவர் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறான்.

ஆகவே தோழர்களே, கடன்பட்டு வழியில்லாமற்போனவன் சாகவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது. கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறட்டும். அவனைத் தூக்க நாலு பேர் வருவார்களா என்று கேட்கும் நிலைமை வருவதற்குள், வக்கீல் வீடு வரையில் கூடப்போக ஒருவராவது நீங்கள் இருங்கள்.